சிலுவையின் முதுகுப்பக்கம்

1

பிரான்ஸின் வடமேற்குக் கோடியில், அட்லாண்டிக் கடலுக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருக்கிற பிரதேசம் பிரிட்டனி. அதன் வழியோரங்களில் நிற்கும் கற்சிலுவைகளைப் பற்றி நிறையவே எழுதியிருக்கிறார்கள். எழுதப்பட்டதில் பெரும்பகுதி இரண்டு வகைக்குள் அடங்கிவிடும். முதல் வகைக்கு அவை விசுவாசத்தின் சாட்சியங்கள். குடியானவனின் பக்தி கல்லாகச் சமைந்து நிற்கிறது என்பது அதன் சாரம். இரண்டாவது வகைக்கு அவை நாகரிகத்தின் கை படாத ஓர் ஆதி மனத்தின் ரூபங்கள். முன்னது பங்குச் சாமியார்களின் பார்வை என்றால் பின்னது ஓவியர்களின் பார்வை. இரண்டும் ஒன்றையொன்று ஏளனம் செய்து வந்திருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் ஒரு பொதுக் குணம் உண்டு. இரண்டுமே சிலுவையை முன்னால் நின்று மட்டும் பார்க்கின்றன.

இதை நான் உருவகமாகச் சொல்லவில்லை. இந்தச் சிலுவைகளுக்கு நிஜமாகவே முதுகு இருக்கிறது.

ஒரு வழியோரச் சிலுவையைக் கீழிருந்து மேலாகப் பார்ப்போம். முதலில் சில படிகள். மண்டியிடுவதற்கும், களைத்தவன் உட்காருவதற்கும் இவையே. படிகளுக்கு மேல் ஒரு பீடம். பீடத்திலிருந்து எழும் தண்டு; உருண்டையாகவோ எட்டுப் பட்டையாகவோ இருக்கலாம். கொஞ்சம் வேலைப்பாடு கூடிய சிலுவைகளில் தண்டின் உச்சியில் குறுக்காக ஒரு கல் வரும். அதன் ஒரு முனையில் மாதா, மறு முனையில் அருளப்பர். நடுவில், எல்லாவற்றுக்கும் மேலே, பாடுபட்ட சுரூபம். சில இடங்களில் சம்மனசுகள் கிண்ணங்களை ஏந்தி, காயங்களிலிருந்து வழியும் இரத்தத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள்.

இது முன்பக்கம். சுற்றிக்கொண்டு பின்னால் போனால் அதே சிலுவையின் முதுகில் வேறொருவர் இருக்கிறார். குழந்தையை ஏந்திய மாதாவாக இருக்கலாம். கைகள் கட்டப்பட்ட ஏசுவாக இருக்கலாம். ஆயரின் உடையணிந்த ஓர் உள்ளூர்ப் புனிதராகவும் இருக்கலாம். குறுக்குக் கல்லின் முனைகளில் நின்றவர்களின் கதையும் இதுதான். மாதாவைச் செதுக்கிய அதே கல்லின் பின்புறத்தில், அவள் முதுகோடு முதுகாக ஒட்டி, இராயப்பர் நிற்பார். அல்லது ஏழைகளின் வழக்கறிஞர் என்று பெயரெடுத்து, 1303-இல் இறந்து, 1347-இல் புனிதராக அறிவிக்கப்பட்ட பிரிட்டனிக்காரர் இவ் நிற்பார். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இவற்றை இரட்டை உருவங்கள் என்கிறார்கள். ஒரே கல்லில் பிறந்த இரண்டு பேர் ஒருவர் முகத்தை ஒருவர் ஒருபோதும் பார்க்கமுடியாது.

தேவாலயத்துக்குள் இருக்கும் பீடச் சிற்பத்திற்குப் பின்னால் சுவர் இருக்கிறது. பார்ப்பவன் எங்கே நிற்கவேண்டும் என்பதை அந்தச் சுவர் தீர்மானித்துவிடுகிறது. பாதையில் சுவர் கிடையாது. பாதைக்கு இரண்டு திசை. ஊரிலிருந்து வருகிறவன் ஒரு முகத்தையும் ஊருக்குத் திரும்புகிறவன் மறு முகத்தையும் பார்ப்பான். தூரத்தில் அது வானத்தின் மேல் எழுதிய ஒரு கறுப்புக் குறி மட்டுமே. கிட்ட வரும்போது உருவம் கொள்கிறது. தாண்டிப் போனபின் திரும்பிப் பார்த்தால் வேறு உருவம். ஆக, இந்தச் சிற்பத்தைப் பார்ப்பதற்கு ஆகும் காலம், நடப்பதற்கு ஆகும் காலம். சிற்பி வாசகனை நிறுத்திவைத்து அல்ல, நடக்கவிட்டுத்தான் வேலை செய்திருக்கிறான்.

புகைப்படம் இங்கேதான் நம்மை ஏமாற்றிவிடுகிறது. நம்மில் பலருக்கு, நான் உட்பட, பிரிட்டனி என்பது புகைப்படங்களும் அச்சிட்ட பக்கங்களும்தான். புகைப்படம் பாடுபட்ட சுரூபத்தின் முன்னால் போய் நின்றுகொள்கிறது; பின்னணியில் மேகம் வேறு. அந்த ஒரு கணத்தில் வழியோரச் சிலுவை ஒரு பீடச் சிற்பமாக மாறிவிடுகிறது. இல்லாத சுவர் ஒன்று அதன் பின்னால் எழும்பிவிடுகிறது. பக்தியைப் பற்றியும் ஆதி மனத்தைப் பற்றியும் எழுதப்பட்ட பல பக்கங்கள் இந்தச் சுவரைப் பார்த்து எழுதப்பட்டவை என்பது என் சந்தேகம்.

இதோடு சேர்த்துக் கைவிடவேண்டிய இன்னொரு வாய்ப்பாடும் இருக்கிறது. எழுத்தறியாதவர்களுக்காகச் செய்யப்பட்ட பைபிள் என்பது அது. கிமிலியோ என்ற ஊரில் 1581-க்கும் 1588-க்கும் இடையில் எழுப்பப்பட்ட கல்வாரியில் சுமார் இருநூறு உருவங்கள். ப்ளூகாஸ்தெலில் 1602-இலிருந்து 1604-க்குள் கட்டப்பட்டதில் சுமார் நூற்றெண்பது. இவை வழியோரச் சிலுவையின் பெரிய அண்ணன்கள். கோயில் வளாகத்தில் நிற்பவை. ஏசுவின் கதை முழுதும் இவற்றில் இருக்கிறது. ஆனால் கிமிலியோவில் காட்சிகள் கால வரிசைப்படி வைக்கப்படவில்லை. கதை தெரியாத ஒருவன் அதைச் சுற்றிவந்து கதையைக் கற்றுக்கொள்ள முடியாது. தெரிந்தவன்தான் அடையாளம் காணமுடியும். தவிர, அங்கே பைபிளில் எங்கும் இல்லாத ஒரு பெண்ணையும் பிசாசுகள் நரகத்தின் வாய்க்குள் இழுத்துக்கொண்டிருக்கின்றன. காதெல் கொல்லெத், கெட்டழிந்த கதரீன். நடனத்தின் மேல் மோகம் கொண்டு, காதலனாக வந்த பிசாசுக்காக நற்கருணை அப்பத்தைத் திருடினாள் என்று பிரெத்தோன் கதை சொல்கிறது. ஏசுவை இழுத்துச் செல்லும் சேவகர்களோ சிற்பியின் சொந்த நூற்றாண்டு உடையில் இருக்கிறார்கள்.

வழியோரச் சிலுவைக்கு இந்தப் பைபிள் வாதம் இன்னும் பொருந்தாது. அதில் கதையே இல்லை. இரண்டு மூன்று பேர் நிற்கிறார்கள், அவ்வளவுதான். பழைய சிலுவைகளின் பீடங்களில் எழுத்து இருந்தால் அது பெரும்பாலும் லத்தீனிலோ பிரெஞ்சிலோ இருக்கும். அந்த வழியே போனவர்கள் பேசியது பிரெத்தோன். அந்த மொழிக்கும் பிரெஞ்சுக்கும் நெருங்கிய உறவு கிடையாது. அது வெல்ஷ் மொழியின் தங்கை. ஆக, எழுத்து வழிப்போக்கனுக்காக வெட்டப்பட்டதல்ல. உருவம் அவனுக்குப் புதிதாக எதையும் சொல்லிக்கொடுக்கவுமில்லை. பிறகு இந்தச் சிலுவை என்னதான் செய்தது? இடத்தைச் சொன்னது. இங்கே பாதை பிரிகிறது, இங்கே பங்கின் எல்லை முடிகிறது, இந்த வழியில் போனால் கோயில், இந்த இடத்தில் ஒருவன் செத்தான். பிணத்தைச் சுமந்து வருகிறவர்கள் நின்று ஜெபிக்கும் இடம் இது. பெயர்ச்சொல்லோடு வேற்றுமை உருபு சேர்வதுபோல நிலத்தோடு சிலுவை சேர்ந்தது. தனியாக எடுத்தால் உருபுக்கு அர்த்தம் சொல்லமுடியாது. இல்லாவிட்டால் வாக்கியம் நிற்காது.

2

இனி கல்லைப் பற்றி. விமர்சனம் பெரும்பாலும் கல்லைத் தாண்டித்தான் பேச ஆரம்பிக்கிறது. கல்லில் ஆரம்பித்தால் விஷயம் வேறு மாதிரி போகும்.

பிரிட்டனியின் சிற்பிகளுக்கு முக்கியமாக இரண்டு கற்கள் கிடைத்தன. ஒன்று கிரானைட். மணி மணியாக இருக்கும் கல். உளி ஒரு மெல்லிய கோட்டை இழுக்கப் பார்த்தால் மணி பெயர்ந்து வந்துவிடும். விரலின் நகம், கண்ணிமை, துணியின் மெல்லிய மடிப்பு இவையெல்லாம் அதில் கஷ்டம். கூர்மையான விளிம்பு நிலைக்காது. எனவே முகங்கள் உருண்டன, கண்கள் பெரிதாயின, மடிப்புகள் கயிறுபோலத் தடித்தன. இன்னொன்று கெர்ஸான்தோன். ப்ரெஸ்த் துறைமுகத்தின் நீர்ப்பரப்பை ஒட்டிய ஒரு சிற்றூரின் பெயரே கல்லுக்கும் ஆகிவந்தது. கருஞ்சாம்பல் நிறம், நுண்ணிய மணி. வெட்டியெடுத்த புதிதில் உளிக்கு இணங்கிப்போகும்; காற்றில் நிற்க நிற்க இறுகும். தாடியின் சுருளையும் கண்ணீர்த் துளியையும் அதில் செதுக்கலாம். செதுக்கியும் இருக்கிறார்கள்.

இதை அறியாதவன் கிரானைட் சிலுவையைப் பார்த்து 'என்ன ஒரு முரட்டுக் கள்ளமின்மை' என்பான். கெர்ஸான்தோன் சிலுவையைப் பார்த்து 'என்ன ஒரு தேர்ச்சி' என்பான். இரண்டு மனங்களைக் கண்டுவிட்டதாகவும் நினைத்துக்கொள்வான். அவன் கண்டது இரண்டு பாறைகளை.

அதற்காகக் கல்லே எல்லாம் என்று சொல்லிவிட முடியாது. கல் மறுப்பதை வைத்துக்கொண்டு சிற்பி என்ன செய்தான் என்பதுதான் கேள்வி. ஒதியேர்ன் விரிகுடாவை ஒட்டி, கடற்காற்றுக்கு எந்தத் தடுப்பும் இல்லாத வெளியில் த்ரோனொயென் கல்வாரி நிற்கிறது. 15-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியைச் சேர்ந்தது. பெரிய கல்வாரிகளில் மிகப் பழையது என்கிறார்கள். அதில் ஏசு பிறக்கும் காட்சியில் மாதா மண்டியிட்டுக் கும்பிடவில்லை. கூந்தல் அவிழ்ந்து, மார்பு திறந்து, பிரசவித்த பெண்ணாகப் படுக்கையில் கிடக்கிறாள். பிறந்த குழந்தையோ அங்கி அணிந்து, வளர்ந்த பிள்ளையாக நிற்கிறது. சூசையப்பர் தூங்கி விழுகிறார். ஐந்து நூற்றாண்டுக் காற்றும் மழையும் காளானும் முகங்களை அரித்துவிட்டன. ஆனால் களைப்பு மிச்சமிருக்கிறது. ஏனென்றால் சிற்பி களைப்பை முகத்தில் வைக்கவில்லை. கிடக்கும் உடம்பின் கிடையில் வைத்தான். மெல்லிய கோடுகளை இந்தக் காற்று விட்டுவைக்காது என்பதை ஒரு வேலைக்காரன் அறிந்திருப்பான். அறிந்தவன் செய்த தேர்வு இது என்றே நான் எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது என் கட்டுரையின் மையத்துக்கு வருகிறேன். ஃபினிஸ்தேர் மாவட்டத்தில் ஒரு வகைச் சிலுவை உண்டு. அதன் தண்டு வழவழப்பாக இராது. கீழிருந்து மேல்வரை உருண்டை உருண்டையாகப் புடைப்புகள். மக்கள் இதைக் 'க்ரோஆஸ் ஆர் வொசென்' என்பார்கள். கொள்ளைநோயின் சிலுவை என்று பொருள். 1598-இல் பிரிட்டனியைப் பிளேக் தாக்கியது. ப்ளூகாஸ்தெலின் பெரிய கல்வாரியே அந்த நோய் தணிந்ததற்கான நேர்த்திக்கடன்தான். அதன் தண்டிலும் இந்தப் புடைப்புகள் உண்டு. அக்குளிலும் தொடையிடுக்கிலும் பிளேக் எழுப்பிய கட்டிகளே இந்தப் புடைப்புகள் என்று மக்கள் படித்தார்கள்.

கலை வரலாற்றாசிரியர்கள் இதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் சொல்வது: இது கிளைகள் தறிக்கப்பட்ட மரம். சிலுவையை உயிருள்ள மரமாகக் காட்டுவது ஐரோப்பாவின் பல பகுதிகளில் நெடுங்காலமாக வழங்கிவந்த மரபு. புடைப்புகள் தறித்த கிளைகளின் அடிக்கட்டைகள். 1598-க்கும் அதற்கும் சம்பந்தம் தேவையில்லை. ஆதாரத்தின்படி இவர்கள் சொல்வதே சரி. சிற்பியின் மனத்தில் இருந்தது மரம்தான்.

விஷயம் அத்தோடு முடிந்துவிட்டதா? மக்கள் தவறாகப் படித்தார்கள், அறிஞர்கள் திருத்தினார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விடலாமா? முடியாது என்று நினைக்கிறேன். தறித்த கிளையின் அடிக்கட்டை மரத்தில் எப்படி இருக்கும்? வெட்டுவாய் தட்டையாகவும் விளிம்பு கூராகவும் இருக்கும். கிரானைட்டில் அந்தக் கூர் விளிம்பு நிற்காது. செதுக்கும்போதே மழுங்கும், மழை மேலும் மழுக்கும். தட்டையான வெட்டு உருண்டை ஆகிறது. மரத்தின் காயம் உடம்பின் கட்டி ஆகிறது. சிற்பி மரத்தைச் செதுக்கினான், கல் அதைக் கட்டியாக மாற்றியது, தன் வீட்டில் அந்தக் கட்டியைத் தொட்டுப் பார்த்திருந்தவன் அதை அடையாளம் கண்டுகொண்டான். இரண்டாவது அர்த்தம் வெளியிலிருந்து ஒட்டப்பட்டதல்ல. கல்லின் குணம் வழியாக உருவத்துக்குள்ளேயே வந்துவிட்ட அர்த்தம் அது. இது என் ஊகம்தான். ஆனால் கல்லை வைத்துச் செய்யும் ஊகம்.

இதைச் சொன்னதும், அப்படியானால் எந்த வாசிப்பும் செல்லும் என்றாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. அதற்கு எதிரான உதாரணமும் அங்கேயே நிற்கிறது. பிரிட்டனியின் வடகரையில் ப்ளெமர்-பொதூ பகுதியில் சேந்த்-உஸெக் என்ற இடத்தில் ஒரு நெடுங்கல். கிறிஸ்துவுக்கு முந்திய ஆயிரம் ஆயிரம் ஆண்டுகளுக்கு அப்பால் யாரோ நட்டது. ஏழு மீட்டருக்கும் மேல் உயரம். 17-ஆம் நூற்றாண்டில், வேதபோதக சங்கங்கள் ஊர் ஊராகப் போய்ப் பழைய வழக்கங்களை ஒழித்துக்கொண்டிருந்த காலத்தில், அதன் உச்சியில் ஒரு சிறு சிலுவையை ஏற்றினார்கள். மேல்பகுதியில் ஏசுவின் பாடுகளுக்கான கருவிகளைச் செதுக்கினார்கள்: ஏணி, ஆணி, சுத்தியல், குறடு, ஈட்டி, சேவல், கூடவே சூரியனும் சந்திரனும். ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறது. எதுவும் கல்லோடு சேரவில்லை. பழைய பத்திரம் ஒன்றின் மேல் புது அலுவலகம் ரப்பர் முத்திரை குத்தியதுபோல அந்தச் செதுக்கல் கிடக்கிறது. கல்லின் சாய்வும் பருமனும் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இங்கே அர்த்தம் கல்லின் மேல் வைக்கப்பட்டது. புடைப்புச் சிலுவையில் அர்த்தம் கல்லின் வழியாக வந்தது. முன்னதை அதிகாரம் செய்தது. பின்னதை யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை. வாசிப்பு செல்லுபடியாகிறதா என்று பார்க்க எனக்கு இதைவிட நல்ல உரைகல் கிடைக்கவில்லை. உருவம் அந்த வாசிப்பைச் சுமக்கிறதா, அல்லது வாசிப்பு உருவத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதா?

3

இனி ஓவியர்களின் பார்வைக்கு வருவோம். 1888-இல் பிரிட்டனியின் போன்த்-அவென் ஊரில் இருந்த பால் கோகேன், தன் நண்பர் ஷுஃபெனெக்கருக்கு எழுதிய கடிதத்தில், தன் மரச்செருப்பு கிரானைட் தரையில் எழுப்பும் மந்தமான கனத்த ஓசையைத்தான் ஓவியத்தில் தேடுவதாகச் சொன்னார். அங்கே ஆதியையும் காட்டையும் கண்டதாகவும் சொன்னார். அதே ஆண்டு 'பிரசங்கத்திற்குப் பின் தோன்றிய காட்சி' என்ற ஓவியத்தை வரைந்து, பக்கத்துக் கிராமமான நிஸோனின் கோயிலுக்கு அன்பளிப்பாகக் கொண்டுபோனார். பங்குச் சாமியார் வேண்டாம் என்றுவிட்டார். நான் முதலில் சொன்ன இரண்டு பார்வைகளும் ஒரே வாசற்படியில் நேருக்கு நேர் சந்தித்துக்கொண்ட சந்தர்ப்பம் அது. இரண்டுக்கும் ஒன்று மற்றதன் மொழி புரியவில்லை.

அடுத்த ஆண்டு, 1889-இல், கோகேன் அதே நிஸோனின் கல்வாரியை வரைந்தார். 'பச்சைக் கிறிஸ்து' என்று அறியப்படும் அந்த ஓவியம் ப்ரஸ்ஸெல்ஸ் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. இறந்த ஏசுவைத் தாங்கிய பெண்கள். அவர்கள் காலடியில் உயிருள்ள ஒரு பிரெத்தோன் பெண். சிற்பம் முழுக்கப் பாசியின் பச்சை. பின்னால் லெ பூல்தூ கடற்கரையின் மணல்மேடுகள். நிஸோன் கல்வாரி கடற்கரையில் இல்லை. ஓவியர் அதைப் பெயர்த்துக்கொண்டு போய்க் கடலோரத்தில் வைத்தார்.

இதில் கோகேனைக் குறைசொல்ல நான் வரவில்லை. அவர் எடுத்துக்கொண்ட பச்சை எந்தச் சிற்பியும் பூசியதல்ல. அது மழையும் வருஷங்களும் பூசியது. கல்லின் மேல் காலம் செய்யும் வேலையும் கல்லின் ரூபத்தைச் சேர்ந்ததே என்று அவருடைய கண் கண்டுகொண்டது. அதுவரை பக்தியும் வரலாறும் அதை அழுக்கு என்றே கருதியிருக்கும். இடம் மாற்றியதையும் அவர் மறைக்கவில்லை. அவர் செய்தது ஓவியம், ஆவணமல்ல. கெடுதல் வந்தது அவருக்குப் பின்னால் வந்த பேச்சிலிருந்து. அவர் தன் தேவைக்காக உண்டாக்கிக்கொண்ட 'ஆதி'யை, கல்லின் பிறப்புச் சான்றிதழாக மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெயரற்ற, கள்ளங்கபடமற்ற, கிராமத்துக் கைகள் என்ற புராணம் பிறந்தது.

அந்தக் கைகளுக்குப் பெயர் இருந்தது. ப்ளூகொன்வென் கல்வாரியில் 1554 என்ற வருடமும், பாஸ்தியென், ஹென்ரி ப்ரிஜான் என்ற இரண்டு பெயர்களும் வெட்டப்பட்டிருக்கின்றன. உருவம் செய்பவர்கள் என்று அது அவர்களைக் குறிப்பிடுகிறது. மேதை என்றோ கலைஞன் என்றோ அல்ல, உருவம் செய்பவர்கள். இவர்களின் பட்டறை லாந்தெர்னோ நகரில் இருந்தது. கெர்ஸான்தோன் கல் கிடைக்கும் பக்கம். அடுத்த நூற்றாண்டில் அதே லாந்தெர்னோவில் ரோலான் தொரே என்பவரின் பட்டறை. அங்கிருந்து சிலுவைகள் சுற்றுவட்டாரப் பங்குகளுக்கெல்லாம் போயின. இது பட்டறைத் தொழில். பேரம், அச்சாரம், தவணை எல்லாம் இதில் உண்டு. கைவாகை வைத்து இது தொரே பட்டறையின் வேலை என்று ஆய்வாளர்களால் இன்று பிரித்துச் சொல்ல முடிகிறது. அப்படிப் பிரிக்க முடிகிறதென்றால் அங்கே நடை என்ற ஒன்று இருந்தது, பயிற்சி இருந்தது, தலைமுறை இருந்தது. ஆதி மனம் என்ற சொல் இது எல்லாவற்றையும் ஒரே வீச்சில் துடைத்துவிடுகிறது. புகழ்வதுபோலத் தோன்றும் அவமதிப்பு இது.

ப்ளூகொன்வென் ஒரு விதிவிலக்கு என்பதையும் சொல்லவேண்டும். வழியோரச் சிலுவைகளின் பீடத்தில் பெயர் இருந்தால் அது பெரும்பாலும் பணம் கொடுத்தவரின் பெயர். இன்னார் இந்தச் சிலுவையைச் செய்வித்தார், இன்ன வருடம். உளி பிடித்தவன் பெயர் இல்லை. பேரேட்டோடு பிழைப்பு நடத்துகிற எனக்கு இதில் ஆச்சரியம் ஏதுமில்லை. கணக்கு எப்போதும் வைப்புத்தொகை கட்டியவன் பெயரில்தான் இருக்கும். ஆனால் விமர்சகனும் பேரேட்டைப் பார்த்தே எழுதவேண்டியதில்லை.

4

இந்தச் சிலுவைகள் அப்படியே நம் கைக்கு வந்து சேரவில்லை. 1789-இல் தொடங்கிய புரட்சியின் உக்கிரமான ஆண்டுகளில் பல சிலுவைகள் தள்ளி உடைக்கப்பட்டன. ப்ளூகொன்வென் கல்வாரி அப்படிச் சிதைந்து, 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் யான் லார்ஹான்தெக் என்ற சிற்பியின் கையால் திரும்ப எழுந்தது. ப்ளூகாஸ்தெல் கல்வாரி 1944 ஆகஸ்டில், ப்ரெஸ்த்துக்கான சண்டையில், அமெரிக்கக் குண்டுவீச்சில் சேதமடைந்தது. கலைச் சின்னங்களைக் காக்க அமெரிக்கப் படையோடு வந்திருந்த ஸ்கில்டன் என்ற அதிகாரி, போருக்குப் பின் தன் நாட்டில் பணம் திரட்டினார். சிற்பி மிய்யே உடைந்தவற்றைச் சரிசெய்தார். இன்று அங்கே சில உருவங்களில் 1604-இன் உடம்பும் 20-ஆம் நூற்றாண்டின் கையும் ஒன்றாக இருக்கின்றன. இது போலியா? அப்படி நான் நினைக்கவில்லை. கொள்ளைநோய் தணிந்ததற்காக எழுப்பிய ஒன்று, போர் தணிந்ததையும் தன் கழுத்தில் தழும்பாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. தழும்பை மறைக்காதவரை சரி.

எனக்கு அதிகம் தொந்தரவு தருவது உடைப்பு அல்ல, இடமாற்றம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகான பத்தாண்டுகளில், சிதறிக் கிடந்த சிறு வயல்களை ஒன்றுசேர்க்கும் திட்டம் பிரிட்டனியில் பெரிய அளவில் நடந்தது. வேலிக்கரைகள் போயின, பாதைகள் நேராயின, சாலைகள் அகலமாயின. நடுவில் நின்ற சிலுவைகளைச் சிரத்தையோடுதான் பெயர்த்து ஓரமாக நட்டார்கள். ஒரு கல்கூட உடையவில்லை. ஆனால் பாதை பிரிகிற இடத்தைச் சொன்ன சிலுவை, பாதையே பிரியாத ஒரு புல்தரையில் நிற்கிறது. இரண்டு திசையிலிருந்தும் ஆட்கள் வந்த காலம் போய், அதன் ஒரு முகம் வேலியைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எதையும் இழக்காமல் எல்லாவற்றையும் இழக்கும் வழி இது. பாதுகாப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கு, உருவத்தைப் பாதுகாப்பது என்று மட்டும் பதில் சொல்கிறவர்கள் இந்தப் புல்தரையை நினைத்துக்கொள்வது நல்லது. கவிதையை அதன் சந்தர்ப்பத்திலிருந்து பெயர்த்துத் தொகுப்பில் நடுகிறவர்களுக்கும் இதைச் சொல்லலாம்.

1980-இல் இவ்-பாஸ்கல் காஸ்தெல் என்ற பாதிரியார் ஃபினிஸ்தேர் மாவட்டத்தின் சிலுவைகளையும் கல்வாரிகளையும் ஊர் ஊராகப் பதிவு செய்து ஒரு பெரும் பட்டியல் வெளியிட்டார். ஒரே ஒரு மாவட்டத்தில் சுமார் மூவாயிரம். உடைந்தவையும் துண்டாக மிஞ்சியவையும் அதில் உண்டு. ஒவ்வொரு பதிவும் ஏறக்குறைய ஒரே மாதிரி. என்ன கல், எத்தனை மீட்டர், எந்தக் காலம். பிறகு கீழிருந்து மேலாக: படி, பீடம், தண்டு, குறுக்குக் கல், சுரூபம். கடைசியில், பின்பக்கத்தில் யார். வர்ணனை இல்லை. பரவசம் இல்லை. எழுதியவர் பாதிரியாராக இருந்தும் பக்தியைப் பற்றி ஒரு சொல் அந்தப் பதிவுகளில் தேவைப்படவில்லை. எழுபதுகளில் யாராவது ஓர் ஓவியர் இதைச் செய்திருந்தால் ஆதி மனம் ஒவ்வொரு பக்கத்திலும் எட்டிப் பார்த்திருக்கும்.

வெறும் பட்டியல் விமர்சனமாகுமா என்று நம் நண்பர்கள் கேட்பார்கள். ஆகாதுதான். ஆனால் இந்தப் பட்டியலில் விமர்சனத்தின் மூன்று ஒழுங்குகள் இருக்கின்றன. முதலில் எந்தக் கல் என்று கேட்கிறது. அதாவது, படைப்பாளிக்குக் கைக்குக் கிடைத்த பொருள் எதை அனுமதித்தது, எதை மறுத்தது. அடுத்து, எங்கே நிற்கிறது என்று கேட்கிறது. மூன்றாவதாக, சுற்றிப் போய்ப் பின்பக்கம் பார்க்காமல் எந்தப் பதிவையும் முடிப்பதில்லை. இந்த மூன்றையும் செய்யாமல் நேரே தரிசனத்திற்கும் பிரக்ஞைக்கும் தாவிவிடுகிற விமர்சனத்தைத்தான் நாம் அதிகம் எழுதியிருக்கிறோம். ஒரு கவிதையின் மொழி கிரானைட்டா கெர்ஸான்தோனா என்று பார்க்காமல் அது முரடு என்கிறோம், நளினம் என்கிறோம். மழுங்கிய அடிக்கட்டையை ஒரு வாசகன் தன் வீட்டுக் கட்டியாகப் படித்தால், சிற்பியைக் கேட்டுச் சொல்லுகிறோம் என்று அவனை வாசலிலேயே நிறுத்திவைக்கிறோம்.

மூவாயிரம் சிலுவைகளில் பெரும்பாலானவை சுமாரானவை. ஒரு தண்டு, இரண்டு கை, பாசி பிடித்த முகம். காஸ்தெல் அவற்றுக்கும் உயரத்தை அளந்து எழுதியிருக்கிறார். பெரிய கல்வாரிக்கு முன்னால் நின்று சிலிர்ப்பது யாருக்கும் கைவரும். பெயர் தெரியாத ஒரு சந்தியில், ஆள் உயரம்கூட இல்லாத சிலுவையைச் சுற்றி வந்து, பின்பக்கத்தில் ஒன்றும் இல்லை என்று குறித்துக்கொள்வதற்கு வேறு வகையான மரியாதை வேண்டியிருக்கிறது.